மாத்திரையை விட்டுவிடுவதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: சின்னப்பாலம் மகள்

என் அம்மாவுக்கு 54 வயது. பாம்பன் சின்னப்பாலத்தில் சிறு வயதிலிருந்தே கடலில் பாசி எடுத்து வருகிறார். ரத்தக்கொதிப்புக்காக ஒரு மாத்திரையில் தொடங்கிய மருத்துவம், போகும்போதெல்லாம் அளவு 170-க்குக் குறையாமல் இருந்ததால், ஒன்றரை ஆண்டில் மூன்று மாத்திரைகளாகிவிட்டது. போன மாதம் காற்று பலமாக அடித்ததால் பத்து நாள் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர், ஆறாம் நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது கண் இருட்டி விழுந்தார். அன்று பார்த்தபோது அளவு 94/60.

அதன் பிறகுதான் விஷயம் தெரிந்தது. வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும்தான் மூன்றையும் சாப்பிடுகிறார், கடலுக்குப் போகிற நாட்களில் மாத்திரையைத் தொடுவதே இல்லை. "அதப் போட்டா அரை மணிக்கு ஒருக்கா ஒண்ணுக்கு வருது. வள்ளத்துல ஆம்பளையாளுக இருக்கையில நான் எங்கிட்டுப் போயி ஒதுங்க?" என்றார். மூன்றில் எது நீர் மாத்திரை என்று அவருக்குத் தெரியாததால் மூன்றையுமே விட்டுவிடுகிறார். டாக்டர் ஒவ்வொரு முறையும் "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார், இவரும் ஒவ்வொரு முறையும் தலையாட்டியிருக்கிறார். மகன் வயதுள்ள ஒருவரிடம் இதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். சொன்னால் திட்டுவாரோ என்ற பயமும் இருக்கிறது. டாக்டர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

பதில்: தொண்டி மருத்துவர், பணி ஓய்வு

உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரு வரி சீட்டில் ஏறியிருந்தால், இரண்டாவது மாத்திரையே எழுதப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன். மருந்து சாப்பிட்டும் அளவு குறையவில்லை என்றால் எங்கள் மனத்தில் முதலில் இரண்டு காரணங்கள் எழும்: கொடுத்த மருந்து போதவில்லை, அல்லது மருந்து உடம்புக்குள்ளேயே போகவில்லை. நோயாளி தலையாட்டியதும் இரண்டாவது காரணம் மறைந்துவிடுகிறது. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது அதை மறுபடி எடுத்துப் பார்க்க மனம் வருவதில்லை. பல நாடுகளை ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஆய்வில், இந்தியாவில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 2 நிமிடம். ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல்.

ஆனாலும் நேரத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1975-இல் பிரிட்டனில் 80 புதிய நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், 66 பேருக்கு நோயாளி சொன்ன வரலாற்றிலிருந்தே நோய் சரியாகப் பிடிபட்டது. ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் முன்னால் அந்தப் பேச்சுதான் எங்களுக்குக் கருவி. "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு, நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டேன். "எல்லாருக்கும் சில நாள் விட்டுப்போகும். போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று மாற்றிக் கேட்கத் தொடங்கியபோது, எத்தனையோ பேர் சொன்ன எண்ணைக் கேட்டு மலைத்துப்போனேன்.

நீங்கள் தள்ளிப்போடாமல் இந்த வாரமே அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். 94/60-இல் விழுந்தது சிறிய விஷயம் இல்லை. எதையும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். மாத்திரை நேரத்தை மாற்ற வழி உண்டு. பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் காலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் வேறுபாடு இல்லை. நீர் மாத்திரையை இரவில் போட்டால் தூக்கம் கெடும் என்பதால், கரை திரும்பும் நேரத்தைச் சொன்னால் டாக்டர் அதற்கேற்ப முடிவெடுப்பார்.

பதில்: மண்டபம் களப்பணியாளர்

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பவள் நான். மிஞ்சிய அட்டைகளை நாங்கள் பார்த்துவிடக் கூடாது என்று அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் அக்காமார் உண்டு. ஏமாற்றவேண்டும் என்பது அவர்கள் எண்ணமே அல்ல. நாங்கள் வருத்தப்படுவோம் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்கிறார்கள். பாசிக்குப் போகிறவர்கள் பலர் கிளம்பும் முன் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அந்த வெயிலில் அதுவும் சேர்ந்து தலையைச் சுற்ற வைக்கும் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அம்மாவால் பேச முடியாவிட்டால், மிஞ்சிய அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், தங்கச்சி. அளவு பார்க்கும் நர்ஸிடம் முதலில் சொல்வதும் எளிது.

சின்னப்பாலம் மகள்

நேற்று போய் வந்தோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. பையைத் திறந்து அட்டைகளை மேசைமேல் வைத்தார். டாக்டர் திட்டவில்லை. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எந்தெந்த நாளும்மா?" என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்தபடியே, "பாசிக்குப் போற நாளு" என்றார். எத்தனை மணிக்கு வள்ளம் ஏறுவார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று அவர் கேட்டபிறகுதான், போக ஒன்றரை மணி நேரமும் வர ஒன்றரை மணி நேரமும் வள்ளத்தில் இருக்கவேண்டும் என்பதை அம்மாவே சொன்னார்.

நீர் மாத்திரையையும் கடைசியாகச் சேர்த்த மாத்திரையையும் டாக்டர் நிறுத்திவிட்டார். மீதியுள்ள ஒன்றின் அட்டையில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அது சிறுநீரைக் கூட்டாது என்று விளக்கி, எப்போது சாப்பிடவேண்டும் என்று அம்மாவையே திருப்பிச் சொல்லச் சொன்னார். கடலுக்குப் போய்வந்த ஒரு நாளும் வீட்டில் இருந்த ஒரு நாளும் அளவு பார்த்து எழுதிக்கொண்டு இரண்டு வாரத்தில் வரச்சொல்லியிருக்கிறார். நாளை மறுநாள் அம்மா பாசிக்குப் போகிறார். அன்று மாலையே அளவு பார்த்துவிடுவேன்.