மறு: ‘வெண்டர் லாக்-இன்’ – ‘கட்டுண்ணல்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் செய்த வேலை, அது இல்லாமல் திறக்கவோ திருத்தவோ முடியாதபடி மாட்டிக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘வெண்டர் லாக்-இன்’ என்பார்கள். நம் பல்லூடகக் கையேட்டுக்காக அதற்கொரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘விற்பனையாளர் பூட்டு’ என்றே வைத்துக்கொள்ளலாம். நேரடியாகப் புரியும்.

புரியாது ஐயா. விற்பனையாளர் கடையில் தொங்கும் பூட்டு என்றுதான் புதியவர் நினைப்பார். நம் கையேடு பல்லூடகம் கற்கத் தொடங்குபவருக்கானது. உள்ளே மாட்டிக்கொள்வது அவருடைய உழைப்பு. அதைத்தான் சொல் காட்ட வேண்டும்.

மேக்ரோமீடியா நிறுவனத்தின் டைரக்டர் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் சிடி-ரோம் பல்லூடகம் செய்தவர்கள் பெரும்பாலும் அதைத்தான் நாடினார்கள். 2005இல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. 2017இல் டைரக்டர் விற்பனை நின்றது, 2019இல் அதில் செய்தவற்றை உலாவியில் ஓட்டிய ஷாக்வேவ் பிளேயரும் போனது. அதில் செய்த பாடங்களின் மூலக்கோப்புகளை ஒருவர் பத்திரமாக வைத்திருக்கலாம். ஆனால் பழைய டைரக்டர் ஓடும் கணினி கிடைக்காவிட்டால், தான் செய்த பாடத்திலேயே ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. இந்த நிலைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

இதற்கு நேர்மாறு வேண்டுமானால், கிருதா என்ற ஓவிய மென்பொருளில் வரைந்து சேமித்த கோப்பின் பின்னொட்டை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்துபாருங்கள். முழு ஓவியமும் சாதாரண பிஎன்ஜி படமாக உள்ளே இருக்கும். அடுக்குகளின் விவரம் எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவில் பக்கத்திலேயே கிடக்கும். நாளைக்கே கிருதா நின்றுபோனாலும் படம் நம் கையில். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் எஸ்விஜி கோப்பும் உரைதான்; அதை நோட்பேடில் திறந்தே நிறத்தை மாற்றலாம்.

> திறமூலத்துக்கு எதிர்ச்சொல் ‘வணிக மென்பொருள்’ தானே?

இல்லை. திறமூலம் என்றால் மூலநிரலை யாரும் பார்த்து மாற்றலாம் என்று பொருள். கிருதா திறமூலம், ஆனால் ஸ்டீம் கடையில் விலைக்கும் கிடைக்கிறது. டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளின் அடிப்படைப் பதிப்பு இலவசம், ஆனால் அதன் மூலநிரல் நமக்குக் கிடைக்காது. காசை வைத்துப் பிரித்தால் மாணவர் குழம்பிப்போவார். ‘தனியுரிம மென்பொருள்’ என்று ஏற்கெனவே புழங்குகிறது, அது போதும்.

இனி, இழையில் வந்த இன்னொரு பரிந்துரையான ‘கருவிக்கட்டு’. ‘கட்டற்ற மென்பொருள்’ என்று சொல்லும் நமக்கு, அதில் அறுபட்ட ‘கட்டு’ எது என்று காட்டுவதால் இந்தப் பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் விறகுக்கட்டு, புத்தகக்கட்டு என்றே பழகிய காதுக்கு இது கருவிகளின் தொகுப்பு என்றுதான் கேட்கும். ஏதோ ‘டூல்கிட்’ என்று எடுத்துக்கொள்வார்கள்.

அதனால் வேரை வைத்துக்கொண்டு வினைக்குப் போகலாம்: கட்டுண்ணல். கட்டுண்ட கோப்பு, கட்டுண்ணாத கோப்பு. “அந்த அழைப்பிதழ் பேஜ்மேக்கரில் கட்டுண்டு கிடக்கிறது” என்று, அச்சுப் பக்கங்களைக் கணினியில் வடிவமைக்கும் டிடிபி கடைக்காரரிடம் சொன்னால் விளக்கமே வேண்டாம். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருவில் அடித்த அழைப்பிதழை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துகளாகச் சிதறுவதை அவர் பார்த்திருப்பார். விற்பனையாளர் என்று தனியே சொல்லாததால் எழுத்துருவால் வரும் சிக்கலுக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது.

அளவையும் சொல்ல முடிகிறது. போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு கிம்ப் என்ற படத்திருத்தியிலும் கிருதாவிலும் திறக்கும், ஆனால் சில அடுக்கு வசதிகள் அப்படியே வந்து சேராது. அது ‘அரைகுறையாகக் கட்டுண்ட கோப்பு’.

இதை விலை கொடுத்து வாங்கும் கருவிகளுக்கு எதிரான சொல்லாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலைக்குப் போகுமிடத்தில் காணொளித் தொகுப்புக்குப் பிரீமியர் கேட்டால் பிரீமியரைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் முதல் நாளே மாணவர் ஆசிரியரிடம் “இதில் செய்தால் என் கோப்பு கட்டுண்டுவிடுமா?” என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு இன்று தமிழில் சொல் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. பெயர்ச்சொல்லாக வரும்போது ‘கட்டுண்ணல்’ போதுமா, ‘கட்டுண்ட நிலை’ என்று விரிக்க வேண்டுமா? வகுப்பெடுப்பவர்கள் இரண்டையும் மாணவர்களிடம் சொல்லிப்பார்த்து இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்