தீவனத்தோடு குருணைச் சோறு பிசைந்து போடலாமா?

கேள்வி (வேதாரண்யம், வனாமி இறால்):
ஒரு ஏக்கர் குட்டை, கவுண்ட் 70-ல் (கிலோவுக்கு 70 இறால்) நிற்கிறது. தீவன மூட்டை விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. பக்கத்துக் குட்டைக்காரர் குருணையை வேகவைத்துத் தீவனத்தில் பிசைந்து போடுகிறார், வெல்லமும் கரைத்து ஊற்றுகிறார். நானும் செய்யலாமா?

பதில் (தீவன ஆலைக்காரன்):
சோறு வேண்டாம் தம்பி. தீவனத்தில் ஏற்கெனவே கோதுமை மாவு நிறைய இருக்கிறது. ஆவியில் அது வெந்து பசையாகித்தான் மற்றச் சரக்கையெல்லாம் பிடித்துவைக்கிறது. வெந்த மாவு இறாலுக்கு நன்றாகச் செரிக்கவும் செய்யும். இறால் மீனைப்போல் லபக்கென்று விழுங்காது. காலால் பிடித்துச் சுழற்றிச் சுழற்றிக் கொறிக்கும். அதுவரை தீவனக் குச்சி கரையாமல் இருக்கவேண்டும். கண்ணாடி டம்ளரில் குட்டைத் தண்ணீர் பிடித்து நாலு குச்சி போட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் உப்பலாக, வடிவம் குலையாமல் கிடந்தால் நல்ல தீவனம். பிசைந்த சோறு அதற்குள் கலங்கிச் சேற்றோடு போய்விடும்.

கணக்கும் இடிக்கிறது. 35 சதவீதப் புரதத் தீவனம் 10 கிலோவில் 2 கிலோவை எடுத்துவிட்டுச் சோறு சேர்த்தால் புரதம் 29-க்கு வந்துவிடும். மிச்சம் பிடித்த காசு வளர்ச்சியில் போகும்.

தீவனத்தில் வெல்லப்பாகு தடவும் பழக்கமும் எனக்குப் பிடிக்காது. சர்க்கரை சட்டென்று ரத்தத்தில் ஏறி, சர்க்கரை நோயாளிக்குப்போல இறங்காமல் நிற்கும். மாவுச்சத்துதான் இறாலுக்கு ஒத்துவரும்.

பதில் (சீர்காழி):
வெல்லம் தண்ணீருக்கு, இறாலுக்கு அல்ல. அதைத் தின்று பெருகும் பாக்டீரியா அம்மோனியாவை இழுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 20 கிராம் மாவுச்சத்தோ சர்க்கரையோ வேண்டும். நாலடித் தண்ணீருள்ள ஒரு ஏக்கரில் அம்மோனியா 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) இருந்தால் 100 கிலோ பக்கம் வரும். அஞ்சு கிலோ ஊற்றுவது மனத்திருப்திக்குத்தான்.

கேட்டவர்:
அம்மோனியா 0.5 பிபிஎம் காட்டுகிறது. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஒன்று பழுது.

தீவன ஆலைக்காரன்:
அப்படியானால் முதலில் ஏரேட்டர். பாக்டீரியா பெருகும்போது ஆக்சிஜனையும் தின்னும், விடியற்காலையில் இறால் மேலே வந்துவிடும். சரிசெய்தபிறகு, 0.5-க்குக் கணக்கு வரும் 50 கிலோ வெல்லத்தையும் ஒரேயடியாகக் கொட்டாமல், வெயில் ஏறிய நேரத்தில் பல நாளாகப் பிரித்து ஊற்றுங்கள். அதுவரை செக் டிரேயில் (தின்றதா என்று பார்க்கத் தீவனம் வைத்து இறக்கும் தட்டு) மிச்சம் கிடந்தால் அடுத்த வேளைத் தீவனத்தைக் குறையுங்கள், செலவு அங்கேயே குறையும்.