இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை: வீட்டில் தெலுங்கை நிறுத்த வேண்டுமா?

தேன்கனிக்கோட்டை அம்மா:
எங்கள் மகனுக்கு இரண்டரை வயது நிறைந்துவிட்டது. சொல்வதைப் புரிந்துகொள்கிறான், ஆனால் அம்மா, அக்கா என்று நாலைந்து சொற்களுக்கு மேல் வரவில்லை. வீட்டில் தெலுங்கும் அக்கம்பக்கத்தில் தமிழும் புழங்குகின்றன. தெலுங்கை நிறுத்தச் சொல்கிறார்கள் மழலையர் பள்ளியில். மூன்று வயது வரை பொறுக்கச் சொல்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?

பாலக்கோடு பெரியவர்:
இருவர் சொல்வதும் சரிதான் சகோதரி. என் அண்ணன் மகன் மூன்றரை வயதில்தான் வாய் திறந்தான். இன்று அவன் பொறியாளர். ஒரு மொழி ஊன்றிய பிறகு மற்றது தானாக வரும் என்பதால், இப்போதைக்குத் தமிழை மட்டும் பேசுங்கள். அவசரப்பட்டு மருத்துவமனைக்கு அலைந்தால் குறைபாடு என்று ஒரு பெயரைச் சூட்டிவிடுவார்கள். அது பள்ளி வரை தொடரும்.

கிருஷ்ணகிரி பேச்சுப் பயிற்சியாளர்:
ஐயா, இரண்டையும் மறுக்கிறேன். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட அளவுகோல். தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் பின்னாளில் தாமாகவே ஈடுகட்டிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பலரில் இந்தக் குழந்தையும் ஒன்றா என்பதை இன்று எவராலும் சொல்ல முடியாது. முதலில் பார்க்க வேண்டியது செவித்திறன். தட்டைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறான் என்று பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். அந்த ஓசை கேட்கும் காதுக்கே 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் எட்டாமல் போகலாம், சளிக்குப் பின் நடுக்காதில் நீர் தேங்கியும் இருக்கலாம்.

இரு மொழிகள் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் கேட்டு வளரும் பிள்ளைகள் எத்தனை பேர்! தாய்க்கு இயல்பாக வராத மொழியில் பேசச் சொன்னால் அவர் பேசுவதே குறைந்துவிடும். குழந்தைக்கு அதுதான் பேரிழப்பு.

பாலக்கோடு பெரியவர்:
கூலி வேலையை விட்டுவிட்டு ஒரு தாய் வாரந்தோறும் பேருந்தேறிப் பயிற்சிக்கு வர முடியுமா? ஊரில் நடப்பதையும் பாருங்கள்.

கிருஷ்ணகிரி பேச்சுப் பயிற்சியாளர்:
நியாயமான கேள்வி. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அங்கேயே குழந்தையைக் காட்டி, குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைக் கவனிக்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கேட்கலாம். பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. பால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் காத்திருங்கள், குழந்தை "பா" என்றாலும், கையை நீட்டினாலும், "பாலு காவாலா? வேடி பாலு" (பால் வேண்டுமா? சூடான பால்) என்று தெலுங்கிலேயே ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிச் சொல்லிவிட்டு உடனே கொடுங்கள். "சொன்னால்தான் தருவேன்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். களி கிண்டும்போது துடுப்பையும் மாவையும் காட்டிப் பேசுங்கள். "இது என்ன, அது என்ன" என்று தேர்வு வைக்க வேண்டாம். கைப்பேசியைப் பொறுத்தவரை, இந்த வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் திரை பார்ப்பது போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

தேன்கனிக்கோட்டை அம்மா:
அவனுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். காதைப் பற்றி நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. திங்களன்று அங்கன்வாடி ஆசிரியரிடம் பேசுகிறேன்.

பாலக்கோடு பெரியவர்:
காதைப் பார்த்துவிடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. மொழி விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.