புதுப்பிப்பு: மின்சாரம் போனால் அலறும் திருட்டு அலாரம், காரணம் கிடைத்தது

பெங்களூரு அல்சூர் வீட்டில் மின்சாரம் போகும்போதெல்லாம் அலாரம் தானாக அலறுவதாகக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

சென்சாரை விட்டுவிட்டு பேட்டரியைப் பாருங்கள் என்றவர் சொன்னதுதான் சரி. மின்சாரம் போனால் கைகொடுக்க அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்த 12 வோல்ட் பேட்டரிக்கு 6 வயது. இவ்வகை பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள்தான் உழைக்கும். சும்மா அளந்தால் 12.6 வோல்ட் காட்டி ஏமாற்றியது. மின்சாரத்தைத் துண்டித்து, சைரனை ஒலிக்கவிட்டு அளந்தபோது 9-க்கு இறங்கிவிட்டது. மின்னழுத்தம் சரிந்ததும் சென்சார்களின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) விடுபட, திருடன் வந்ததாகப் பெட்டி நினைத்திருக்கிறது. பேட்டரியை மாற்றிய பின் மூன்று மின்வெட்டுகள், சத்தமே இல்லை.

எதிர்பாராதது ஒன்று. சோதனையில் பின்கதவைத் திறந்தும் அலாரம் வாய்திறக்கவில்லை. போன தீபாவளிக்கு பெயின்ட் அடித்தபோது அந்தக் கதவை நானே அமைப்பிலிருந்து விலக்கிவைத்து மறந்திருக்கிறேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.