சோல்ஜருக்கு டீம் கேப்டன் தொப்பி: ஆயுதத்தை உருக்கலாமா?

ராக்கெட்_மதுரை:
வணக்கம் மக்களே. டீம் ஃபோர்ட்ரஸ் 2 வீடியோ கேம்ல எட்டு வருஷமா சோல்ஜர்ங்கிற கேரக்டரை மட்டும்தான் ஆடுறேன். இன்னிக்கு வரைக்கும் அவன் தலையில, கண்ணை மறைச்சுக்கிட்டு இருக்குற அதே இரும்புத் தொப்பிதான். போன வாரம் டீம் கேப்டன் தொப்பி போட்ட ஒருத்தன், காலடியில ராக்கெட் சுட்டு என் தலைக்கு மேல பறந்தான். ராணுவ அதிகாரி தொப்பி, முன்னாடி விளிம்பு, அப்படி ஒரு கம்பீரம்! அதுல இருந்து மனசு அங்கேயே நிக்குது. சும்மா கிடக்குற ஆயுதம் 60 இருக்கு. உருக்கி, அந்த உலோகத்துல தொப்பி செஞ்சுடவா?

பழைய_பட்டாளம்:
அவசரப்படாதீங்க தம்பி. 2 ஆயுதம் உருக்கினா ஸ்கிராப்ங்கிற உலோகம் 1 கிடைக்கும். 3 ஸ்கிராப் சேர்ந்தா அடுத்த உலோகம், ஒரு ரீக்ளெய்ம்டு; 3 ரீக்ளெய்ம்டு சேர்ந்தா அதுக்கும் மேல, ஒரு ரீஃபைண்டு. தொப்பிக்கு 3 ரீஃபைண்டு, அதாவது 54 ஆயுதம். ஸ்கிராப்புக்குப் போடுற ரெண்டும் ஒரே கேரக்டரோட ஆயுதமா இருக்கணும். இவ்வளவும் செஞ்சு வர்றது எந்தத் தொப்பின்னு உங்க கையில இல்ல. எனக்கு பைரோங்கிற வேற கேரக்டரோட தொப்பி வந்துச்சு. நான் பைரோவைத் தொட்டதே இல்ல. ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகல. உலோகமா வச்சுக்கிட்டு, மத்த ஆட்டக்காரங்ககிட்ட டிரேடுல கேளுங்க.

சாவி_வேணாம்:
டிரேடு பண்ணும்போது பேரோட நிறத்தைப் பாருங்க. உங்களுக்கு வேண்டியது மஞ்சள், சாதாரண வகை. ஊதா நிறம்னா அன்யூஷுவல்ங்கிற அபூர்வ வகை, தலையைச் சுத்தி மினுமினுக்கும், விலை வேற. பேருக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி இருந்தா, யாரோ நேம் டேக் வச்சு மாத்தின பேரு. உள்ள வேற தொப்பி இருக்கலாம்.

கிரானரி_காவலன்:
வாங்குங்க, ஆனா அந்த இரும்புத் தொப்பியைக் கழட்டும்போது ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. சோல்ஜருக்குக் குரல் குடுத்த ரிக் மே 2020 ஏப்ரல்ல கொரோனாவுல போயிட்டார். அடுத்த மாசம் ஆட்டம் நடக்குற மேப் மேப்பா சோல்ஜர் சிலை வச்சாங்க, சல்யூட் அடிச்சபடி. கிரானரிங்கிற மேப்புல ஒண்ணை அப்படியே விட்டுட்டாங்க. அதைத் தாண்டிப் போறப்ப நான் இப்பவும் சுடுறதை நிறுத்திடுவேன்.

ராக்கெட்_மதுரை:
அண்ணே, அந்தச் சிலை எனக்குத் தெரியாது. இப்பத்தான் கிரானரியைத் திறந்து பார்த்துட்டு வந்தேன். ஆயுதத்தை கேரக்டர் வாரியாப் பிரிச்சேன், ஜோடி சேர்ந்தது 46. 23 ஸ்கிராப் ஆச்சு. மஞ்சள் பேரு டீம் கேப்டன் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.