டவுன் நோய்க்குறி உள்ள மகன்: சாப்பிடும்போது எப்படி உட்கார வைப்பது?

அம்மாப்பேட்டைத் தாய்:
அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 4 வயது. டவுன் நோய்க்குறி உள்ளவன். தரையில் சம்மணமிட்டு உட்கார வைத்தால், சிறிது நேரத்திலேயே முதுகு கூனி, கால்களை இரு பக்கமும் விரித்துத் தட்டின்மேல் கவிழ்ந்துவிடுகிறான். அதனால் என் மாமியார் அவனை மடியில் சாய்த்து, முகத்தை அண்ணாந்து பிடித்து ஊட்டுகிறார். ஊட்டிய சோற்றில் பாதி நாக்கோடு வெளியே வருகிறது; தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறான். எளிதாக இறங்குகிறதே என்று இரு வேளையும் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கிறோம், ஆனாலும் எடை ஏறவில்லை. எதை முதலில் மாற்ற வேண்டும்?

ஏற்காடு வாசகி:
சகோதரி, முதலில் அவனுடைய பாதங்களைப் பாருங்கள். என் மகளுக்கு இப்போது 13 வயது. அவளும் இப்படித்தான் சரிந்துகொண்டிருந்தாள். தசை தளர்வாக உள்ள குழந்தைக்குக் கால் தொங்கினால், உடம்பை நிமிர்த்தி வைப்பதிலேயே வலு முழுவதும் போய்விடும். மெல்லுவதற்கும் விழுங்குவதற்கும் மிச்சம் இராது. சாய்மானம் உள்ள நாற்காலியில் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் செங்கோணமாக மடியும்படி உட்கார வைத்து, இடுப்பின் இரு பக்கமும் துண்டைச் சுருட்டி அணைகொடுத்து, தட்டு முழங்கை மட்டத்தில் இருக்கும்படி செய்தோம். பாதத்துக்கு, தோட்டத்தில் கிடந்த சில்வர் ஓக் பலகையில் என் கணவர் ஒரு பெட்டி செய்தார். அவள் வளர வளர அதன் உயரத்தை அறுத்துக் குறைத்துக்கொண்டே வந்தோம். அதில் பாதம் ஊன்றிய பிறகுதான் அவள் தானாகவே கரண்டியைப் பிடித்தாள்.

விழுங்குதல் பயிற்சியாளர், சேலம்:
மேலே சொன்னது சரியானது. மடியில் அண்ணாந்து ஊட்டுவதை இன்றே நிறுத்துங்கள். அந்த நிலையில் உணவு மூச்சுக்குழாய்க்குள் போக வாய்ப்பு அதிகம். முகம் நேராகவோ சற்றே குனிந்தோ இருக்கட்டும், ஆனால் கழுத்தைக் கையால் அழுத்தி வளைக்காதீர்கள். இக்குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும். வாய்க்குழி சிறிதாகவும் நாக்குத் தசை தளர்வாகவும் இருப்பதால்தான் சோறு வெளியே தள்ளப்படுகிறது, அவன் அடம்பிடிக்கவில்லை. சிறு கரண்டியை நாக்கின் நடுவில் தட்டையாக வைத்து லேசாக அழுத்தி, மேலுதடு தானாக மூடும்வரை பொறுத்திருங்கள். மேலுதட்டில் வழித்து எடுக்கக் கூடாது.

தண்ணீருக்கு இருமுவதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். இருமல் இல்லாமலே நுரையீரலுக்குள் நீர் இறங்குவதும் இவர்களிடம் உண்டு. அடிக்கடி சளிக்காய்ச்சல் வருகிறதா என்று கவனியுங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டிக் கேளுங்கள்.

ஏற்காடு வாசகி:
கஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜவ்வரிசி நம் ஊர்ப் பொருள்தான், என்றாலும் அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து. புரதம் இல்லை என்றே சொல்லலாம். நீர்த்த கஞ்சிக்குள் வழுக்கும் மணிகள் இருப்பதால் இவனுக்கு விழுங்குவதும் கடினம். பருப்பு சேர்த்துக் குழைத்த சோறு, மசித்த முட்டை, நெய் ஊற்றிய இட்லி என்று ஒரே பதமாகக் கொடுங்கள். எடையை டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கென உள்ள வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு பரிசோதனையை ஆண்டுக்கு ஒரு முறை விடாமல் செய்யுங்கள். என் மகளுக்கு 10 வயதுக்குப் பின் எடை மளமளவென்று ஏறியது. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றல் இவர்களுக்குக் குறைவு என்று மருத்துவர் விளக்கினார். எனவே இன்று எடை ஏறட்டும் என்று இனிப்பைப் பழக்கிவிடாதீர்கள்.

அம்மாப்பேட்டைத் தாய்:
மிக்க நன்றி. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவரே அளவெடுக்க உட்கார்ந்துவிட்டார். நாற்காலியின் உயரம் 17 அங்குலம், முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை 9 அங்குலம். ஆகவே 8 அங்குலப் பெட்டிக்கு மாமனார் பலகை அறுத்துக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை மருத்துவமனைக்குச் செல்கிறோம்.