புதுப்பிப்பு: செம்பரா ஏரிக்குப் போய் வந்தாச்சு

கூடலூரிலிருந்து ஒரே நாளில் வயநாட்டில் செம்பரா மலைமேல் இருக்கும் ஏரிக்குப் போய்த் திரும்பலாமா, அறுபதைத் தொட்ட மாமாவால் ஏற முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிந்தது.

விடியும் முன்பே கிளம்பி தேவாலா, சேரம்பாடி, வடுவஞ்சால் வழியாக மலையடிவார ஊரான மேப்பாடி. சீக்கிரம் போகச் சொன்னவர்களுக்கு நன்றி. வனத்துறை தினமும் இத்தனை பேர்தான் என்று வைத்திருக்கிறது.

தேயிலைத் தோட்டம் வரை சுலபம். அப்புறம்தான் ஏற்றம், கூடவே ரத்தம் உறிஞ்சும் அட்டை. மாமா உப்பையும் மூக்குப்பொடியையும் கலந்து சின்னத் துணியில் முடிந்து வைத்திருந்தார். என் காலுறைக்குள் நாவற்பழம் மாதிரி உருண்டிருந்த ஒன்றின்மேல் ஒற்றினார், பொத்தென்று விழுந்தது. நான் காசு கொட்டி வாங்கிய ஸ்ப்ரே பையிலேயே கிடந்தது.

ஏரி சின்னதுதான், படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஏரிக்குப் பேர் வாங்கித் தந்த அந்த இதய வடிவம் கரையில் நின்றால் சரியாகத் தெரியாது, கொஞ்சம் மேலிருந்து பார்க்க வேண்டும். எங்களுக்கு மூடுபனி பத்து நிமிடம்தான் விலகியது. சுமார் 2,100 மீட்டர் உயர உச்சிக்கு விடுவதில்லை, ஏரியோடு சரி. அதில் மாமாவுக்கு ஏக சந்தோஷம்.

இறங்கும்போதுதான் எனக்கு முட்டி பிடித்துக்கொண்டது. மாமா கைத்தடியைக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்துவிட்டார்.